உன் ஆளைப் பிடி

பாஸ்கட்பாலில் எதிரணிக்காரியை மறித்து நிற்பதற்கு எங்கள் ஆவடி கிரவுண்டில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: ஆளைப் பிடிப்பது. ஆட்டம் தொடங்கும் முன் கோச் சார் ஒவ்வொருத்திக்கும் ஒரு எதிரணிப் பெண்ணைக் காட்டிவிடுவார். ஆட்டம் முடியும்வரை அவள்தான் நம் ஆள். அவள் பந்தோடு நம்மைத் தாண்டிப் போனால் ஆளை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். நான் விட்ட ஆட்களை வரிசையாக நிறுத்தினால் கிரவுண்டிலிருந்து ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் நிற்பார்கள்.

ஆனால் பந்து போடுவேன். இதில் பொய்யடக்கம் எதற்கு? எண்பதுகளின் நடுவில் எங்கள் பள்ளி அணி எடுத்த பாயிண்டுகளில் பாதிக்கு மேல் என் கையிலிருந்து போனவை. நான் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் கொண்டுபோவதும், வளையத்துக்குத் தூரத்தில் நின்று போடுவதும் என் வேலை. நெட்டுக்குத்தலாக நின்று, ஒரு குதி குதித்து, மணிக்கட்டை மடக்கிவிடுவேன். பந்து பெரும்பாலும் வலையை மட்டும் தொட்டுக்கொண்டு இறங்கும். அப்படி நிமிர்ந்தே நிற்பதால் கிரவுண்டுச் சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பையன்கள் எனக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பந்து விழுந்ததும் "கொக்கு கொத்திச்சு டோய்!" என்று கத்துவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

"சார், இந்தப் பொண்ணு ஆள விட்டுடறாளே, பரவாயில்லையா?" என்று எங்கள் பி.டி. மிஸ் ஒருமுறை கோச் சாரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. கோச் சார் ஃபாக்டரி அணியில் ஆடியவர். சாயந்திரங்களில் சும்மாவே வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் சிரித்தார். "மிஸ், அவ ரெண்டு விட்டா மூணு போடறா. நமக்கு லாபம்தானே? புடிக்கிறதுக்கு இன்னொருத்தி கீறா. விடுங்க."

இன்றைக்கும் எங்கேயாவது பாஸ்கட்பால் பேச்சு வந்தால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. சின்ன வயசுப் பிள்ளை, நிறையப் போடுகிறது, ஆள் பிடிக்கத் தெரியாவிட்டால் என்ன, வயசானால் வந்துவிடாதா என்பார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. மற்றவர்களுக்கு அது ஆட்டத்தைப் பற்றிய கேள்வி. என்னால் அப்படிக் கேட்க முடியவில்லை.

எனக்கு ஆள் பிடிக்கத் தெரியாது என்பதே பொய்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாட ஃபாக்டரியில் வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸில் வீடு கொடுத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் என்னை அணியில் சேர்த்தார்கள். வீட்டிலிருந்து ஷார்ட்ஸுக்கு மேல் பாவாடையைக் கட்டிக்கொண்டு போவேன். கிரவுண்டில் அதைக் கழற்றிப் பையில் சுருட்டி வைக்கும்போதே பாதி உயிர் போய்விடும். முழங்காலுக்கு மேல் வெயில் படுவது அதுவரை எனக்குத் தெரியாத விஷயம்.

அந்த முதல் வாரம் கோச் சார் ஆள் பிடிக்க நிற்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். கால்களை அகட்ட வேண்டும். இடுப்பை இறக்க வேண்டும். நாற்காலியே இல்லாமல் நாற்காலியில் உட்கார்வது போல உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர வேண்டும். சார் சொன்னபடி அப்படியே செய்தேன். "பார்றா, முத நாளே எப்படி உக்கார்றா!" என்று மற்றவர்களுக்கு என்னைக் காட்டினார். எனக்கு ஒரே பெருமை.

அந்த நேரம் பார்த்து ஃபாக்டரிச் சங்கு ஊதி, ஷிப்ட் முடிந்த சைக்கிள்கள் சாலையை அடைத்துக்கொண்டு வந்தன. சுவரில் இருந்த ஒரு பையன் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

"இன்னாம்மே, ஊட்ல கக்கூஸ் இல்லியா? இங்க வந்து குந்திக்கினு கீற?"

சுவர் முழுக்கச் சிரித்தது. சாலையில் போன சைக்கிள்காரர்களிலும் சிலர் சிரித்தார்கள். நான் தலையைத் தூக்கினேன். சைக்கிள் கூட்டத்தின் நடுவில், ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி ஆட, அப்பா போய்க்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தை நேராக வைத்துக்கொண்டு மிதித்துப் போய்விட்டார்.

வீட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். மறுநாளிலிருந்து அவர் கிரவுண்டு வழியாக வருவதையே விட்டுவிட்டார். வேறு கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார். அம்மா கேட்டதற்கு "அங்க கூட்டம் கொறச்சல்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பெற்ற மகள் காலை அகட்டிக்கொண்டு குந்தி நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மனுஷன் ஊரைச் சுற்றிப் போகிறார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அகட்டிய என் காலை மூடிவிட வேண்டியதுதான். அன்றோடு குனிவதை நிறுத்தினேன்.

குனியாதவளால் ஆள் பிடிக்க முடியாது. நிமிர்ந்து நிற்கிறவள் நகர்வதற்குள் எதிரே இருப்பவள் இரண்டு அடி தாண்டியிருப்பாள். அதை மறைக்கத்தான் பந்து போடக் கற்றுக்கொண்டேன். விடியற்காலையில் போய்ப் போட்டேன், வெயிலில் போட்டேன், மழை விட்ட ஈரத் தரையில் போட்டேன். நன்றாகப் போடுகிறவளை யாரும் குனியச் சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கோச் சார் கொஞ்ச நாள் கத்திப் பார்த்தார். பிறகு லாபக் கணக்குப் போட்டு விட்டுவிட்டார்.

அவர் சொன்ன அந்த 'இன்னொருத்தி' பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வரும் என் வகுப்புத் தோழி. அவள் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பாவுக்குக் கரையான்சாவடியில் தையல் கடை. கால் தெரிய ஆடக் கூடாது என்று வீட்டில் சொன்னதும், அத்தாவே அணியின் நீலத் துணியை வாங்கி, ஓரத்தில் வெள்ளைப் பட்டி வைத்து, கணுக்கால் வரைக்கும் பேண்ட் தைத்துக் கொடுத்துவிட்டார். சுவர்ப் பையன்கள் அவளுக்குப் பேண்ட்டு என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பேண்ட்டுக்குள் இருந்துகொண்டு அவள் தரையைத் தொடும் அளவுக்குக் குனிவாள். யார் என்ன கத்தினாலும் திரும்பமாட்டாள். எனக்கு அவளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். பந்து போட மட்டும் அவளுக்குச் சுத்தமாக வராது. வளையத்துக்கு அடியில் நின்று போட்டாலும் பந்து பலகையில் மோதி ரோட்டுக்குப் போய்விடும்.

"நீ போட்டுக்கினே இரு. பின்னால நான் கீறேன்" என்பாள்.

அப்படித்தான் ஆடினோம். நான் விட்ட ஆள் வளையத்தை நோக்கி ஓடிவரும்போது, அவள் தன் ஆளை விட்டுவிட்டுக் குறுக்கே பாய்ந்து மறிப்பாள். பாய்ந்து வருகிறவள் எப்படி மோதாமல் நிற்பது? விசில் ஊதும். அவள் பெயரில் ஒரு ஃபவுல் ஏறும். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே உட்கார வேண்டும். முக்கால்வாசி ஆட்டங்களில் அவள் கடைசிவரை கோர்ட்டில் இருந்ததில்லை. கோச் சாரின் லாபக் கணக்கில் விட்டுப்போனது இதுதான். நான் போட்டது என் பெயரில் ஏறியது. நான் விட்டது அவள் பெயரில் ஏறியது.

பன்னிரண்டாம் வகுப்பில் மண்டல அளவிலான போட்டி எங்கள் கிரவுண்டிலேயே நடந்தது. இறுதி ஆட்டத்துக்கு மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருவதாகச் சொன்னார்கள். அணியில் இடம் கிடைத்தால் காலேஜில் விளையாட்டுக்கான சீட்டும் ஹாஸ்டலும் கிடைக்கும். எனக்கு அது ஒரு ஆசை, அவ்வளவுதான். மார்க் இருந்தது. எப்படியும் ஏதாவது காலேஜில் அப்பா சேர்த்துவிடுவார். அவளுக்கு அப்படி இல்லை.

"டிஸ்ட்ரிக்ட்ல எடுத்தா படின்னுட்டாரு அத்தா" என்று ஆட்டத்துக்கு முந்தின நாள் சொன்னாள். "இல்லாங்காட்டி பன்னெண்டோட சரி. மாப்ள ஊட்டுக்காரங்க இப்பவே வந்துகினு போய்கினு கீறாங்க."

அன்று சாயந்திரம் அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது நான் உள் அறைக் கதவைத் தாழிட்டேன். பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று கால்களை அகட்டி, இடுப்பை இறக்கி, கைகளை விரித்தேன். பீரோவிலிருந்து கதவு வரைக்கும், கதவிலிருந்து பீரோ வரைக்கும் நகர்ந்தேன். இது எனக்குப் புதிது இல்லை. வீட்டில் யாரும் இல்லாதபோதெல்லாம் செய்வேன். கண்ணாடிக்குள் இருந்தவளைத் தாண்டி எந்தக் கொம்பியாலும் போயிருக்க முடியாது. கதவைத் திறந்தால் அவள் இருக்கமாட்டாள் என்பதுதான் பிரச்சினை.

இறுதி ஆட்டம் பட்டணத்துப் பள்ளி ஒன்றோடு. எனக்குக் கொடுத்த ஆள் இரட்டைச் சடை போட்ட ஒரு குட்டிப் பெண். கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகம் வரும். நான் போட்டேன், அவள் தாண்டினாள். மறுபடி போட்டேன், மறுபடி தாண்டினாள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான். கோச் சாருக்கே பொறுக்கவில்லை.

"கொஞ்சம் குனியேன்டி! உன் ஆளைப் புடி! ஆளைப் புடி!"

"அண்ணாத்தே, அது ஆளு இங்க குந்திக்கினு கீறான்!" என்று சுவரிலிருந்து ஒருத்தன் பக்கத்தில் இருந்தவனைத் தூக்கிக் காட்டினான். எங்கள் பக்கம் ஆள் என்றால் காதலனும்தானே. சுவர் மறுபடி சிரித்தது. நான் இன்னும் நிமிர்ந்துகொண்டேன்.

இடைவேளையில் தோழி முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் பெயரில் மூன்று ஃபவுல் ஏறியிருந்தது. மூன்றும் இரட்டைச் சடைக்காரியை மறிக்கப் போனதால் வந்தவை. மேஜைக்குப் பின்னால் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேரைக் கண்ணால் காட்டினாள். ஆள் எடுக்க வந்தவர்கள் அவர்கள்தான்.

"வெளிய குந்தினா அவங்க என்னை எப்டிடீ பாப்பாங்க? நீ புடிக்கக்கூட வேணாம். கொஞ்ச நேரம் அவளைத் தடுத்து நில்லு, போதும். நான் கோர்ட்ல இருக்கணும்டி."

"சரிடி" என்றேன். சும்மா சொல்லவில்லை. மனசாரச் சொன்னேன்.

இரண்டாவது பாதி தொடங்கி இரட்டைச் சடைக்காரி பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். நான் கால்களை அகட்டினேன். முழங்கால் மடங்கியது. இடுப்பு இறங்கியது. பீரோ கண்ணாடியில் இருந்தவள் வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்போது சங்கு ஊதியது. என்னை அறியாமல் கண் சாலைப் பக்கம் போனது. சுவருக்கு இந்தப் பக்கம், ஷிப்ட் முடியும் முன்பே வந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். அத்தனை வருஷமாக அந்தப் பக்கமே வராதவர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் நிமிர்ந்துவிட்டேன்.

இரட்டைச் சடை என்னைத் தாண்டிப் போனது. தோழி குறுக்கே பாய்ந்தாள். விசில் ஊதியது. நாலு. கீழே விழுந்து எழுந்தவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதுவே நடந்தது. நான் மரம் மாதிரி நின்றேன், இரட்டைச் சடை தாண்டினாள், அவள் பாய்ந்தாள். "பேண்ட்டு அவுட்டு டோய்!" என்று சுவர் கத்தியது. அவள் கையை உயர்த்திக்கொண்டு வெளியே நடந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

தோற்றிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். நாங்கள் ஜெயித்தோம். கடைசி பந்தை நான்தான் போட்டேன். பையன்கள் சுவரிலிருந்து குதித்து உள்ளே ஓடிவந்தார்கள். தொப்பிக்காரர்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு எந்த வகுப்பு, காலேஜில் சேருகிற எண்ணம் உண்டா என்றெல்லாம் கேட்டார். பக்கத்தில் நின்ற பி.டி. மிஸ் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சார், அந்த பேண்ட் போட்ட பொண்ணும் நல்லா ஆடுவா" என்றார்.

"அதுவா? ரொம்ப ரஃப் மிஸ். எப்பப் பார்த்தாலும் ஃபவுல். கன்ட்ரோலே இல்ல" என்றார் அவர்.

நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். அது அவளுடைய ஃபவுல் இல்லை சார், என்னுடையது என்று சொல்ல வாய் இருந்தது. பையிலிருந்து பாவாடையை எடுத்துக் கட்டிக்கொள்வதில் மும்முரமாக இருந்தேன்.

அப்பா சைக்கிளில் ஏறாமல் என்னோடு தள்ளிக்கொண்டே நடந்தார். குவார்ட்டர்ஸ் திருப்பத்தில் கேட்டார்.

"ஏட்டி, அந்தப் பிள்ளை எப்படிக் குனிஞ்சு நிக்கு! நீ மட்டும் ஏன் குனியவே மாட்டேங்க?"

"நீங்கதானப்பா..." என்று ஆரம்பித்தேன். ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பையன் கத்தியதை என் வாயால் திரும்பச் சொல்ல முடியவில்லை. "அன்னைக்கு நீங்க கேட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போனீங்களே" என்று மட்டும் சொன்னேன்.

அப்பா சைக்கிளை நிறுத்தினார்.

"கேட்டேன். கத்துனது எனக்கு மேல இருந்த செக்ஷன் சார்ஜ்மேன் மவன். இறங்கி அவன் செவுட்டுல ரெண்டு வச்சிருக்கணும். மறுநாள் அவங்க அப்பன் மூஞ்சில முழிக்கணுமேன்னு பயந்து போயிட்டேன். அதுக்கப்புறம் உன் மூஞ்சியப் பாக்கதுக்கே எனக்கு வெக்கமாப் போச்சு. அதான் அந்தப் பக்கம் தலைகாட்டல." சைக்கிளை மறுபடி தள்ளிக்கொண்டே சொன்னார்: "அந்த ஆளு போன மாசம் ரிட்டையராகி வீட்டைக் காலி பண்ணிட்டாரு. அதான் இன்னைக்கு வந்தேன்."

அவர் தன்னை நினைத்துத்தான் வெட்கப்பட்டிருக்கிறார். அதை நான் என்னுடையதாக எடுத்துக்கொண்டு மூன்று வருஷத்துக்கு மேல் முதுகை வளைக்காமல் சுமந்திருக்கிறேன். அந்தச் சுமைக்குக் கூலி கொடுத்தவள் பூந்தமல்லி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அப்பா மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. அவரைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை? பயந்துபோய் வாயை மூடிக்கொண்டு இருந்ததில் நானும் அவர் மகள்தான்.

பின்னால் காலேஜில், சுவரே இல்லாத கோர்ட்டில், நான் குனிந்து நின்றேன். முதல் வாரமே அங்கிருந்த கோச் அசந்துபோய், யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். பீரோ என்று எப்படிச் சொல்வது? எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு வந்தது அழுகைதான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு சாயந்திரம் இருக்கிறது. மாவட்ட அணியில் என்னை எடுத்துவிட்டதாகப் பள்ளியில் காலை வழிபாட்டில் சொன்னார்கள். அவள் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரோடும் சேர்ந்து அவளும் கைதட்டினாள். பள்ளி விட்டதும் அவளோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கக்கூஸ் என்று அவன் கத்தியதிலிருந்து பீரோ கண்ணாடி வரைக்கும் மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். பூந்தமல்லி பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது.

"நான் அன்னைக்கு உன்னை..." என்று ஆரம்பித்தேன்.

"அட, உடு" என்றாள் அவள். "இன்னும் அதையே நெனச்சிக்கினு கீறியா? எனக்குப் பந்து போட வருமா? வராது. உனக்குக் குனிய வராது. வந்தா நீ எனக்காகப் பண்ணியிருக்க மாட்டியா இன்னா? எனக்குத் தெரியாதா உன்னை?"

பஸ் வந்து நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாடி" என்றேன். "எனக்கு வராது."

அவள் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, என்னைத் தேற்றிவிட்டு, பஸ்ஸில் ஏறிப் போனாள்.